பழைய ஓவியத்துக்கு எக்ஸ்ரே எடுத்தா என்ன தெரியும்?

ஓவியத்துல மேல் பெயிண்டுக்கு அடியில மறைஞ்சு இருக்குறது எக்ஸ்ரேல எப்படி தெரியுதுன்னு கேட்டீங்க. அந்தக் கால வெள்ளை பெயிண்ட்ல ஈயம் இருக்கும், அது எக்ஸ்ரேவை தடுத்துடும், அதனால அது தடிமனா இருக்குற இடமெல்லாம் வெள்ளையா விழும், மறைச்ச முகம், இடம் மாத்தி வரைஞ்ச கை, கேன்வாஸ் நெசவு, பின்னாடி அடிச்ச ஆணி வரைக்கும் எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணா ஒரே படத்துல வந்துரும். அதைப் பிரிச்சுப் படிக்கிறதுதான் கஷ்டம். பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி கரியால போட்ட கோடு எக்ஸ்ரேல விழாது, அதுக்கு இன்ஃப்ராரெட் (அகச்சிவப்பு) கதிர்ல படம் எடுக்கணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது வான்கோவோட 1887 புல்தரை ஓவியம். சாதா எக்ஸ்ரேல ஒரு தலை மங்கலாதான் தெரிஞ்சுது, அப்புறம் ஹாம்பர்க்ல சின்க்ரோட்ரான் கதிரை (துகள்களை வேகமா சுத்த விட்டு உண்டாக்குற ரொம்ப பலமான எக்ஸ்ரே) வச்சு புள்ளி புள்ளியா தனிமங்களை அளந்தாங்க, சிவப்புல இருக்குற பாதரசம், மஞ்சள்ல இருக்குற ஆன்டிமனி ரெண்டும் எங்கெங்க இருக்குன்னு பார்த்து 2008ல ஒரு பொண்ணோட முகத்தை நிறத்தோடயே மீட்டுட்டாங்க, பெயிண்டை ஒரு துளி கூட சுரண்டாம!