ஷெட்டுக் கேள்வி பதில்: அறுபதைத் தாண்டினால் இழுக்காத அம்பாசடர்

கேள்வி: என்னிடம் 1970களின் அம்பாசடர் இருக்கிறது, பெட்ரோல் வண்டி. பாயிண்ட் (பொறிக்காகத் திறந்து மூடும் சுவிட்ச்), கண்டென்சர், பிளக் எல்லாம் புதுசு. கார்புரேட்டரையும் இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்தாகிவிட்டது. ஐடிலிங் அருமை. ஆனால் அறுபதைத் தாண்டினால் இழுவை இல்லை, ஹீட்டும் ஏறுகிறது. மெக்கானிக் டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை, முன்னால் தள்ளி வைத்தார். இழுவை வந்தது, ஆனால் ஸ்டார்ட் செய்யும்போது ஸ்டார்ட்டரைத் திருப்பி உதைக்கிறது. என்ன செய்ய?
(வாசகர், கரூர்)

பதில்: கார்புரேட்டரை விட்டுவிடுங்கள் சார், அது பாவம். டைமிங்கைத் தள்ளினால் இழுக்கிறது, ஸ்டார்ட்டில் உதைக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அதற்கு மேல் சாட்சி வேண்டாம். பிளக்குகளுக்கு முறைப்படி மின்சாரம் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், வேகத்துக்கேற்பப் பொறியைத் தானாக முன்னால் தள்ள வேண்டிய மெக்கானிக்கல் அட்வான்ஸ் இறுகிக் கிடக்கிறது.

சிலிண்டருக்குள் பொறி விழுந்த நொடியே முழு அழுத்தமும் வந்துவிடாது. கலவை பற்றிப் பரவ மில்லி செகண்டு கணக்கில் நேரம் பிடிக்கும். 1000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1000 சுற்று) ஒரு மில்லி செகண்டுக்குள் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, 6 டிகிரி சுற்றும். 4000 ஆர்பிஎம்மில் அதே நேரத்தில் 24 டிகிரி ஓடிவிடும். ஆகவே வேகம் ஏற ஏறப் பொறியையும் முன்கூட்டியே விட்டாக வேண்டும். ஃபோர்டு மாடல் டி காலத்தில் இதை டிரைவரே கையால் செய்தார். ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் அதற்கென்றே ஒரு லிவர். அட்வான்ஸைக் குறைக்க மறந்து, ஸ்டார்ட் செய்யும் கைப்பிடியைச் சுழற்றியவர்களுக்கு மணிக்கட்டு முறிந்ததும் உண்டு. உங்கள் ஸ்டார்ட்டர் வாங்குவதும் அதே உதைதான்.

உங்கள் வண்டியில் அந்த வேலையைப் பாயிண்ட் பிளேட்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு வெயிட்டுகள் செய்கின்றன. டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் சுற்றச் சுற்ற, திருவிழா ராட்டினத்தில் தொட்டில் விரிகிற மாதிரி அவை வெளியே விரியும். விரியும்போது மேலே உள்ள கேமை (பாயிண்டைத் தள்ளித் திறக்கும் மேடுள்ள உருளை), அது சுற்றும் திசையிலேயே கொஞ்சம் முன்னால் திருப்பும். பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், பொறியும் சீக்கிரம் விழும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங்குகள் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்ளும்.

சோதிக்க ஒரு ஸ்பேனர்கூட வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்பைக் கழற்றுங்கள். உள்ளே கேமின் மேல் உட்கார்ந்து சுற்றும் ரோட்டாரை இரண்டு விரலால் பிடித்து, மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்புங்கள். அம்பாசடரில் ரோட்டார் சுற்றுவது அந்தப் பக்கம்தான். கொஞ்சம் திரும்பி, விட்டதும் 'டக்' என்று திரும்ப வேண்டும். அசையவே இல்லையா, அல்லது போன இடத்திலேயே நின்றுவிடுகிறதா? நோய் அதுதான்.

காரணம் பெரும்பாலும் எண்ணெய் காய்ந்து போவது. ரோட்டாரை மேலே இழுத்து எடுத்தால் நடுவில் ஒரு ஸ்குரூ தெரியும். அதன் தலையில் இரண்டு மூன்று சொட்டு இன்ஜின் ஆயில் விட்டால் பக்கவாட்டு இடைவெளி வழியாகக் கேமுக்குள் இறங்கும். சர்வீஸ் என்று போகிற இடத்தில் பாயிண்டை மாற்றுகிறார்கள், இந்தச் சொட்டை மட்டும் யாரும் விடுவதில்லை. பாயிண்டின் முகத்தில் ஆயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுடையது சொட்டு ஆயிலுக்கு மசியாது என்றே நினைக்கிறேன். பிளேட்டைக் கழற்றி, நடு ஸ்குரூவை எடுத்து, கேமை மேலே உருவ வேண்டியிருக்கும். உருவுவதற்கு முன் ரோட்டார் வெட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கேமை எதிர்ப்பக்கம் பார்க்க, அதாவது 180 டிகிரி மாற்றியும் தவறாகப் பொருத்திவிட வாய்ப்புண்டு. அப்படிப் பொருத்தினால் வண்டி கார்புரேட்டர் வழியாகத் தும்முமே தவிர ஓடாது. ஷாஃப்டை மண்ணெண்ணெயில் கழுவி, கருத்த பிசினைத் துணியால் துடைத்து, லேசாக எண்ணெய் போட்டு மாட்டுங்கள். எமரி பேப்பரைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

இன்னொரு விஷயம். உள்ளே இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று மெல்லியது, எப்போதும் விறைப்பாக நிற்கும். மற்றது தடிமன், அதன் கொக்கி நீளமாக, லொடலொடவென்று கிடக்கும். தேய்ந்துவிட்டது என்று நினைத்துக் கொக்கியை நசுக்குபவர்கள் இருக்கிறார்கள், இரண்டு பக்கமும் ஒரே ஸ்பிரிங் போடுபவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தொளதொளப்பு வேண்டுமென்றே வைத்தது. ஆரம்ப வேகத்தில் மெல்லிய ஸ்பிரிங் மட்டும் எதிர்க்கும், அட்வான்ஸ் விறுவிறுவென்று ஏறும். குறிப்பிட்ட வேகத்துக்குப் பிறகு தடித்ததும் பிடிக்கும், ஏற்றம் நிதானமாகும். வேகம் கூடும்போது சிலிண்டருக்குள் கலவை நன்றாகக் கலங்கி எரிவதும் வேகமாகிறது. அதனால் அட்வான்ஸ் வேகத்துக்குச் சமமாக ஏறத் தேவையில்லை. இரண்டுமே மெல்லியதாகப் போட்டால் மேடேறும்போது நாக்கிங் சத்தம் (கலவை தாறுமாறாக எரிந்து இன்ஜின் தட்டுவது) வீட்டு வாசல்வரை கேட்கும்.

எல்லாம் முடிந்த பிறகு டைமிங்கைப் புத்தக அளவுக்கே திருப்பி வையுங்கள். தள்ளி வைத்ததை அப்படியே விட்டுவிட்டு அட்வான்ஸையும் சரிசெய்தால் பிஸ்டனுக்குத்தான் கேடு.

கேள்வி: வேக்குவம் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. குழாயை அடைத்துவிட்டு ஓட்டுகிறேன். வெயிட் அட்வான்ஸ்தான் இருக்கிறதே, போதாதா?
(வாசகர், மதுரை)

பதில்: ஓடும், ஆனால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். வெயிட்டுகளுக்கு வேகம் மட்டும்தான் தெரியும், லோடு தெரியாது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துச் சீராகப் போகும்போது சிலிண்டருக்குள் கலவை குறைவு, மெதுவாக எரியும். அந்த நேரத்துக்குக் கூடுதல் அட்வான்ஸ் கொடுப்பது வேக்குவம், அதாவது இன்ஜின் உறிஞ்சும் இழுப்பு; அது குழாய் வழியாக டயாஃப்ரத்தை இழுக்கும். முழுசாக மிதித்தால் வேக்குவம் இல்லை, அந்தக் கூடுதல் அட்வான்ஸும் ஒதுங்கிக்கொள்ளும். குழாயை அடைத்தது சரி. டயாஃப்ரம் கிடைத்ததும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருக்கிறேன். பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் மாட்யூல் போட்டால் டைமிங் தொல்லை மொத்தமும் தீருமா?
(வாசகர், தாம்பரம்)

பதில்: பாயிண்ட் தேய்கிற தொல்லை தீரும். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே பொருத்துகிற மாட்யூல் பாயிண்டின் இடத்தில் உட்காருகிறது, அவ்வளவுதான். கேமைத் திருப்புவது அப்போதும் அதே வெயிட்டும் ஸ்பிரிங்கும்தான். இறுகிப்போன டிஸ்ட்ரிபியூட்டரில் மாட்யூல் போட்டுவிட்டு, 'பிக்கப் வரவில்லை' என்று மாட்யூலைத் திட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். முதலில் கரூர்க்காரருக்குச் சொன்ன ரோட்டார் சோதனை. பிறகு ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அதைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது, அதை மாற்றுங்கள். செலவு அதற்குப் பிறகு. சென்னையிலேயே பிறந்த வண்டி உங்களுடையது, கொஞ்சம் மரியாதையாக நடத்துங்கள்.

கேள்வி: எங்கட மொறிஸ் மைனரின்ர டிஸ்ட்ரிபியூட்டரைக் கழட்டினம். வெயிட்டுக்கு மேல உள்ள தகட்டில 13 எண்டு குத்தி இருக்கு. டைமிங் லைட்டில பாத்தா அதவிடக் கூடக் காட்டுது. எது சரி?
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: இரண்டும் சரி. அந்த 13 டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரி. டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. ஆகவே கிராங்க் புல்லியில் அது 26 டிகிரி. ஸ்டாட்டிக் டைமிங் (இன்ஜின் ஓடாதபோது வைப்பது) 6 வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம், முழு அட்வான்ஸில் லைட் 32 காட்ட வேண்டும். வேக்குவம் குழாயைப் பிடுங்கி வாயை அடைத்துவிட்டுப் பாருங்கள், இல்லையென்றால் அதன் கணக்கும் சேர்ந்துவிடும். அப்படியும் 40ஐத் தொட்டால் கேம் போய் முட்டுகிற ஸ்டாப் தேய்ந்திருக்கிறது, அல்லது யாரோ அரம் போட்டிருக்கிறார்கள்.