மூக்கில் மறுபடி சதை: வேலையை விடும் முன்பா, பின்பா?

கேள்வி: வயது 41, கோவையில் தனியார் வேலை. மூக்கில் சதை வளர்ந்து 2018இல் எண்டோஸ்கோப்பி ஆபரேஷன் செய்தேன். இப்போது மறுபடி வளர்ந்துவிட்டது. ரசத்தில் பெருங்காயம் போட்டிருக்கிறதா என்றே தெரியவில்லை. ஆஸ்துமாவும் உண்டு. டாக்டர் ஆபரேஷன் என்கிறார், செலவு 1.6 லட்சம். கம்பெனி காப்பீடு 3 லட்சம். மூன்று மாதத்தில் வேலையை விட்டுத் தொழில் தொடங்கப் போகிறேன். அதன்பின் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாமா? புதுப் பாலிசியில் பழையதைச் சொல்லாதே என்கிறார் மச்சான்.

பதில்: வேலையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். கம்பெனி காப்பீட்டில் பெரும்பாலும் காத்திருப்புக் காலம் (பழைய நோய்க்குப் பணம் கேட்க முடியாத ஆரம்ப காலம்) கிடையாது. வெளியே வந்து தனிப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருக்க வேண்டிவரும். அட்மிஷனுக்கு முன் அறை வாடகை வரம்பைப் பாருங்கள். அதைத் தாண்டிய அறை எடுத்தால் டாக்டர் கட்டணத்துக்குக் காப்பீடு தரும் தொகையிலும் அதே விகிதத்தில் வெட்டு விழலாம்.

இது கடைசி ஆபரேஷன் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். பெல்ஜியத்தில் இந்த ஆபரேஷன் செய்தவர்களை 12 ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். 38 பேரில் 30 பேருக்குச் சதை திரும்பியிருந்தது. 14 பேர் மீண்டும் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் திரும்பும் வாய்ப்பு கூடுதல் என்பது பல இடங்களில் கண்டது. அதேசமயம், சதை திரும்பிய எல்லோரும் மறுபடி ஆபரேஷன் மேஜைக்குப் போகவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகும் ஸ்டீராய்டு ஸ்பிரே, உப்புநீர்க் கழுவல், செக்கப் என்று தொடரும். டிஸ்சார்ஜுக்குப் பின் சில வாரங்களுக்குத்தான் பாலிசி செலவைத் தரும், மீதி உங்கள் கைக்காசு. மாதம் 1,500 என்றே வையுங்கள், 12 ஆண்டில் 2.16 லட்சம், இந்த ஆபரேஷனைவிட அதிகம். தொழிலில் கை இறுக்கமானால் முதலில் நிற்பது இந்த ஸ்பிரேதான். அதனால் ஓர் ஆண்டுக்கான 18,000 ரூபாயைத் தொழில் முதலோடு சேர்க்காமல் தனிக் கணக்கில் போடுங்கள்.

மச்சான் சொல்வது, பாலிசி தொடர்ந்து 5 ஆண்டு தாண்டினால் காப்பீட்டு நிறுவனம் பழையதைக் கிளற முடியாது என்ற விதியை நம்பி இருக்கலாம். நிரூபிக்கப்பட்ட மோசடிக்கு அந்த விதி பொருந்தாது. அதுவும் உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே 'முன்பு ஆபரேஷன் செய்தவர்' என்று எழுதியிருக்கும்போது எதை மறைப்பது? 2018 ஆபரேஷன், ஆஸ்துமா இரண்டையும் எழுதுங்கள். பிரீமியம் கொஞ்சம் ஏறலாம், பரவாயில்லை.

புதுப் பாலிசி தேடும் முன் ஒரு வேலை. இதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாற முடியுமா என்று ஹெச்.ஆரிடம் கேளுங்கள். முடிந்தால், இதுவரை இருந்த ஆண்டுகள் காத்திருப்பில் கழியும். ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.