கீமோ நடக்கும்போது ஃப்ளூ வந்தால்: ரிஸ்க் எவ்வளவு?

கேள்வி: நாங்கள் மும்பை செம்பூரில் இருக்கிறோம். மாமனாருக்கு 66 வயது. பெரிய பி-செல் லிம்ஃபோமாவுக்காகப் பரேலில் ஆர்-சாப் கீமோ நடக்கிறது. மூன்றாவது சைக்கிள் முடிந்த பத்தாம் நாள் காய்ச்சலும் இருமலும் வந்தது. வீட்டில் எல்லோருக்குமே மழைக்கால ஜுரம் என்பதால் இரண்டு நாள் பாராசிட்டமால் கொடுத்துப் பார்த்தோம். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இன்ஃப்ளூயன்சா ஏ என்று ரிப்போர்ட் வந்தது, ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். "கேன்சர் பேஷண்ட், ரிஸ்க் அதிகம்" என்று மட்டும் சொன்னார்கள். எவ்வளவு அதிகம்? மாமியாருக்கும் ஏழு வருஷத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் நடந்தது, இப்போது லெட்ரோசோல் மாத்திரை மட்டும்தான். அவருக்கும் இருமல் இருக்கிறது, அவரையும் சேர்க்க வேண்டுமா? ஊரிலிருந்து பெரியப்பா ஃபோன் செய்து, இனிமேல் கீமோவே வேண்டாம் என்கிறார்.

பதில்: மாமியார் விஷயம் சுலபம், அதை முதலில் முடித்துவிடுவோம். ஏழு வருஷத்துக்கு முன் வந்து போன மார்பகப் புற்றுநோயை வைத்து அவரை உங்கள் மாமனாரோடு ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது. லெட்ரோசோல் ஹார்மோன் மாத்திரை, அது வெள்ளை அணுக்களைக் குறைக்காது. அவருடைய வயது, சர்க்கரை, ஆஸ்துமா, இதயக் கோளாறு ஏதாவது இருக்கிறதா என்பவைதான் அவருக்கான ரிஸ்க். வீட்டில் ஃப்ளூ உறுதியாகிவிட்டதால், டாக்டரைப் பார்த்து ஒசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ மருந்து தேவையா என்று இன்றே கேளுங்கள். முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அந்த மருந்து நன்றாக வேலை செய்யும். மூச்சு வாங்கினாலோ, ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினாலோ ஆஸ்பத்திரி. இல்லையென்றால் வீடு போதும்.

இனி மாமனார். "கேன்சர் பேஷண்ட்" என்ற இரண்டு வார்த்தையை வைத்து யாராலும் ரிஸ்க் சொல்ல முடியாது. என்ன புற்றுநோய், கடைசி மருந்து எப்போது போனது, ரத்த அணுக்கள் எவ்வளவு, ஜுரம் வருவதற்கு முந்தின வாரம் எப்படி நடமாடினார் என்ற நாலும் தெரிய வேண்டும்.

கொரோனா காலத்தில் இங்கிலாந்தில் 1 கோடியே 70 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை அலசி, 2020-இல் வெளியிட்டார்கள். ரத்தப் புற்றுநோய் இல்லாத மற்ற புற்றுநோய்கள் கடந்த ஒரு வருஷத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்டிருந்தால், கொரோனாவில் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 1.7 மடங்கு. ஐந்து வருஷம் தாண்டியவர்களுக்கு வித்தியாசமே இல்லை. உங்கள் மாமியார் இந்த வரிசை. லுகீமியா, லிம்ஃபோமா, மைலோமா போன்ற ரத்தப் புற்றுநோய் என்றால் முதல் வருஷத்தில் 2.8 மடங்கு, ஐந்து வருஷத்துக்குப் பிறகும் 1.6 மடங்கு. இது கொரோனாவின் கணக்கு. ஃப்ளூவுக்கு இதே எண்களை எடுத்து ஒட்ட முடியாது, ஆனால் அங்கேயும், ஆர்எஸ்வி என்ற இன்னொரு சுவாச வைரஸிலும் இதே வரிசைதான் பார்க்கிறோம். ரத்தப் புற்றுநோய், எலும்பு மஜ்ஜை மாற்று செய்தவர்கள், அப்புறம் நுரையீரல் புற்றுநோய்க்காரர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். ஆக, உங்கள் மாமனாருக்கு ரிஸ்க் அதிகம் என்று சொன்னது உண்மைதான்.

ஏன் அதிகம் என்பது தெரிந்தால்தான் வார்டில் என்ன கேட்பது என்பதும் தெரியும். ஆர்-சாப்பில் ரிடுக்சிமாப் இருக்கிறது, அது பி-செல்களைத் துடைத்தெடுக்கும். புதிதாக ஆன்டிபாடி உருவாக்கும் வேலை மாதக்கணக்கில் நின்றுவிடும். சைக்கிளின் முதல் ஐந்து நாள் பிரெட்னிசலோன், அதாவது ஸ்டீராய்டு. மற்ற மருந்துகள் மஜ்ஜையை அடக்குவதால் ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். பத்தாம் நாள் வந்த காய்ச்சல் சரியாக அந்தப் பள்ளத்தில் விழுந்திருக்கிறது.

சிபிசி என்ற ரத்த அணுக்கள் கணக்கு ரிப்போர்ட்டைக் கையில் எடுங்கள். டிஎல்சி (TLC, மொத்த வெள்ளை அணுக்கள்) என்று ஒரு வரி இருக்கும், அதற்குக் கீழே நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் சதவீதம் இருக்கும். உதாரணமாக டிஎல்சி 1,200, நியூட்ரோஃபில் 30 சதவீதம் என்றால், இரண்டையும் பெருக்கினால் 360. இந்த எண் 500-க்குக் கீழே போனால் பாக்டீரியாவைத் தடுக்க உடம்பில் ஆளே இல்லை என்று அர்த்தம். அதே ரிப்போர்ட்டில் லிம்ஃபோசைட் 20 சதவீதம் என்றால் 240. வைரஸ் மூக்கு, தொண்டையோடு நிற்காமல் நுரையீரலுக்கு இறங்குவதில் இந்த இரண்டாவது எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. பலரும் முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். அடுத்தடுத்த நாட்களில் இரண்டும் ஏறுகிறதா என்று பாருங்கள். அவை ஏற ஆரம்பிப்பதுதான் நல்ல சேதி, ஒரு நாள் காய்ச்சல் விட்டதை மட்டும் வைத்து நிம்மதி அடைய முடியாது.

"வைரஸ் என்கிறார்கள், பிறகு எதற்கு இவ்வளவு ஆன்டிபயாடிக்?" என்று வார்டில் பல குடும்பங்கள் கேட்கும். நியூட்ரோஃபில் குறைந்தவருக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் போக வேண்டும், வைரஸ் உறுதியாகியிருந்தாலும் சரி. ஃப்ளூ சளிப்படலத்தைப் புண்ணாக்கிவிட்டுப் போன இடத்தில் நியுமோகாக்கஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் மாதிரி பாக்டீரியாக்கள் உட்கார்ந்துகொள்ளும். ஃப்ளூவில் போகிற உயிர்களில் கணிசமான பங்கு இந்த இரண்டாவது அடியால்தான். ஒசெல்டாமிவிரை 48 மணி நேரம் தாண்டிவிட்டது என்பதற்காக ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு மறுக்கக் கூடாது. வழக்கமாக 75 மில்லிகிராம் ஒரு நாளுக்கு இரண்டு வேளை, ஐந்து நாள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு நீட்டிப்பதும் உண்டு, கிட்னி சரியில்லை என்றால் அளவைக் குறைப்பார்கள்.

மூச்சுத் திணறல் முழுவதையும் வைரஸ் தலையில் கட்டுவதும் தப்பு. புற்றுநோய் இருப்பவர்களுக்கு ரத்தம் உறையும் சுபாவம் அதிகம், படுத்த படுக்கையாக இருந்தால் இன்னும் அதிகம். காலில் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனாலும் இதே மூச்சுத் திணறல்தான். ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையும் இந்தச் சமயம் பார்த்துப் புகும். சில கீமோ மருந்துகளும் இம்யூனோதெரபியும்கூட நுரையீரலை வீங்க வைக்கும், அது எக்ஸ்ரேயில் நியுமோனியா போலவே தெரியும். அதனால் மூன்று நான்கு நாளில் ஆக்சிஜன் தேவை குறையாவிட்டால், "சிடி எடுத்தீர்களா, ரத்தக்கட்டி இல்லை என்று பார்த்தாகிவிட்டதா?" என்று தயங்காமல் கேளுங்கள். இன்னொன்று, கீமோவில் ஹீமோகுளோபின் 7, 8 என்று இறங்கியிருந்தால் ஆக்சிமீட்டர் 97 காட்டும்போதே ஆள் மூச்சு வாங்குவார். மெஷினை மட்டும் நம்ப வேண்டாம்.

எனக்கு அதிகம் உறுத்துகிற விஷயம் ஐசியு. கொரோனா சமயத்தில் சில நாடுகளில் புற்றுநோயாளிகள் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் ஐசியுவுக்குப் போனார்கள், அதிகமாக இறந்தார்கள். நோய் முற்றியவருக்கு வென்டிலேட்டர் வேண்டாம் என்று குடும்பமே முடிவெடுப்பது வேறு. குணமாகக்கூடிய லிம்ஃபோமாவில் பாதி சிகிச்சை முடித்தவரை, ஃபைலில் கேன்சர் என்று எழுதியிருக்கிறது என்பதற்காக ஒதுக்குவது வேறு. இங்கேதான் அந்த நாலாவது கேள்வி வருகிறது. போன வாரம் வரை மாமனார் தானாகக் குளித்து, கீழே இறங்கிப் பால் வாங்கி வந்தார் என்றால் அதை ஐசியு டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் கணக்கில் வயதைப் போலவே இதற்கும் எடை உண்டு. அப்புறம், பரேல் ஆன்காலஜிஸ்டையும் ஐசியு டாக்டரையும் நேராக ஃபோனில் பேச வையுங்கள். "சிகிச்சையின் நோக்கம் குணப்படுத்துவது" என்ற ஒரு வரியை ஆன்காலஜிஸ்ட் சொன்னாலே பல விஷயங்கள் மாறும்.

பெரியப்பாவின் யோசனைக்கு வருகிறேன். பிரிட்டனில் கொரோனா வந்த 800 புற்றுநோயாளிகளைப் பார்த்தபோது, முந்தின நாலு வாரத்துக்குள் கீமோ போட்டது மட்டும் தனியாக மரணத்தைக் கூட்டவில்லை. வயதும் மற்ற வியாதிகளும்தான் கூட்டின. பின்னால் ரத்தப் புற்றுநோயாளிகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, சமீபத்திய கீமோ ரிஸ்க்கைக் கூட்டியது. அதனால் பெரியப்பாவின் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, தீர்வில்தான் இல்லை. பரேல் டாடா மெமோரியலிலேயே கீமோ போன்ற சிகிச்சையில் இருக்கும்போது கொரோனா வந்த 230 பேரின் விவரத்தை 2020-இல் வெளியிட்டார்கள். இறந்தவர்கள் 10 சதவீதம். சிகிச்சையைத் தொடர வேண்டியதன் அவசியத்தைத்தான் அந்த டாக்டர்கள் வலியுறுத்தினார்கள்.

உங்கள் மாமனாருக்கு இருக்கும் லிம்ஃபோமா, ஆர்-சாப் கொடுத்தால் பத்தில் ஆறு பேருக்காவது குணமாகிற வகை. விட்டுவிட்டால் மாதங்களில் ஆளைக் கொண்டுபோகும். நான்காவது சைக்கிளைத் தள்ளிப் போடலாம், தள்ளிப் போடத்தான் வேண்டும். ஜுரம் நின்று, ஆக்சிஜன் இல்லாமல் இருந்து, நியூட்ரோஃபில் ஏறிய பிறகு தேதி குறிப்பார்கள். அடுத்த முறை வெள்ளை அணுக்களைத் தூண்டும் ஊசியை சைக்கிளோடு சேர்த்துப் போடுவதா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு: பாராசிட்டமால் கொடுப்பதற்கு முன் தெர்மாமீட்டர். மாத்திரை கொடுத்துவிட்டுப் பார்த்தால் ஜுரம் ஒளிந்துகொள்ளும், ஸ்டீராய்டு நாட்களில் தானாகவே ஒளியும். 100.4-ஐத் தொட்டால் ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்ப வேண்டும், நம் ஊர் "இரண்டு நாள் பார்க்கலாம்" இங்கே செல்லாது. கேஷுவால்டியில் வரிசையில் நின்று பெயர், வயது என்று ஆரம்பிக்காமல், முதல் வாக்கியமே "பேஷண்ட் கா கீமோ சாலூ ஹை, புகார் ஹை" (பேஷண்டுக்குக் கீமோ நடக்கிறது, காய்ச்சல் இருக்கிறது) என்று இருக்கட்டும். கடைசி கீமோ தேதியை ஃபைலின் அட்டையிலேயே பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

தனி அறை கொடுங்கள் என்று எழுதிவிடுவது எனக்குச் சுலபம், மும்பையில் ஒன் ரூம் கிச்சனில் அது நடக்காது. ஜன்னல் ஓரப் படுக்கை அவருக்கு, இருமுகிறவர் எதிர்ச் சுவரோரம் என்95 மாஸ்க்கோடு. ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவரும் இருமல் இல்லாத ஆளாக இருக்கட்டும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிடமிருந்து வைரஸ் வாரக்கணக்கில் வெளியேறலாம் என்பதால், வீட்டுக்கு வரும் பேரப்பிள்ளைகள் பக்கமிருந்தும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஃப்ளூ தடுப்பூசி அவருக்கும் போடலாம், செயலிழந்த வைரஸ் ஊசிதான் போட வேண்டும், மூக்கில் அடிக்கும் உயிருள்ள தடுப்பு மருந்து கூடாது. ரிடுக்சிமாப் முடிந்து ஆறு மாதம் வரையாவது அது அவருக்குச் சரியாகப் பிடிக்காது. அதனால்தான் வீட்டில் மற்ற எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறேன். மும்பையில் ஃப்ளூ ஜூனிலிருந்து செப்டம்பர் வரை உச்சத்தில் இருக்கும். ஏப்ரல், மே மாதத்திலேயே அந்த வருஷத்து ஊசி வந்துவிட்டதா என்று கேளுங்கள், மழை ஆரம்பித்தபின் ஓட வேண்டாம். நியுமோகாக்கல் ஊசி இரண்டு வகை. முதலில் கான்ஜுகேட் வகை, அது எந்த ஊசி என்பதைப் பொறுத்து எட்டு வாரம் கழித்து இன்னொரு வகையும் தேவைப்படலாம். எந்த சைக்கிளுக்கு இடையில் போடுவது என்பதை ஆன்காலஜிஸ்டிடம் கேட்டு ஃபைலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.