மாணவர்களே நடத்தும் நிதி திரட்டும் குழுவில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று யாருக்கு என்ன பொறுப்பு?

கேள்வி கேட்டவர் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "என்னைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். எல்லாரும் நண்பர்கள்தான், அதனால் வேலையை ரொம்பப் பிரிக்க வேண்டாம் என்று நினைக்கிறோம். சரிதானே?"

சரியில்லை. அந்த வரியைப் பார்த்த பிறகுதான் பதில் எழுத உட்கார்ந்தேன். "எல்லாரும் நண்பர்கள்தானே" என்று முதல் கூட்டத்தில் சொன்ன தலைவன் நான். அதற்கு அனுபவித்தது நானில்லை, எங்கள் பொருளாளர்.

உங்கள் நிலைமை ஏறக்குறைய இப்படி இருக்கும் என்று நினைக்கிறேன். பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழு, ஒரு வாட்ஸ்அப் குழுமம், போன வருடத்துக்காரர்கள் விட்டுப்போன பை நிறைய உண்டியல்கள். முதல் வசூலுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. யார் என்ன செய்வது என்பது மட்டும் வாய்ப்பேச்சில் நிற்கிறது. எங்களுடையதும் அப்படித்தான் இருந்தது.

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்காக ஒரு வார வசூல் நடத்தினோம். மொத்தம் 22 உண்டியல். சனிக்கிழமை மாலை எல்லாம் திரும்பி வந்தன. காலியான ஒரு வகுப்பறையில் இரண்டு மேசை போட்டு, சில்லறை உருண்டு ஓடாமல் இருக்க மேலே போர்வை விரித்தோம். உண்டியலைக் கவிழ்த்தால் காசோடு சட்டைப் பொத்தான் விழுகிறது, ஊக்கு விழுகிறது. ஒன்றிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்று விழுந்தது, "சீக்கிரம் சரியாயிடும்" என்று ஏதோ ஒரு குழந்தை பென்சிலில் எழுதியது. காசைப் பத்துப் பத்தாக அடுக்கினோம். நோட்டுகளின் மடிப்பை நீவி ரப்பர் பேண்டு போட்டோம். மேசைக்கு ஒரு தாள், உண்டியல் எண்ணுக்கு எதிரே தொகை. முடிக்க இரவு பத்து மணி ஆகிவிட்டது. வங்கி திங்கட்கிழமைதான் திறக்கும்.

"நீயே வீட்டுக்குக் கொண்டுபோ, திங்கட்கிழமை கட்டிடு" என்று பொருளாளரிடம் சொன்னேன். "இவ்வளவு பணம் வீட்டுல வேண்டாமே" என்றாள். "உன்னை நம்பாம வேற யாரை நம்புறது" என்று பையை எடுத்து அவள் தோளில் மாட்டிவிட்டேன். அவளுக்கு நான் செய்யும் மரியாதை அது என்றுதான் அப்போது நினைத்தேன்.

திங்கட்கிழமை மதியம் வங்கிச் சீட்டைப் படமெடுத்துக் குழுமத்தில் போட்டாள். சனிக்கிழமை நாங்கள் கூட்டி அறிவித்த மொத்தத்தைவிடக் குறைவாக இருந்தது. கிட்டத்தட்ட ஓர் உண்டியல் அளவுக்குக் குறைவு. தன்னார்வலர்களையும் சேர்த்து அறுபது பேர் இருந்த குழுமம் அது. யாரும் அவளைத் திருடி என்று சொல்லவில்லை. "கணக்கு தெளிவா இருந்தா எல்லாருக்கும் நல்லது" என்று ஒருவர் எழுதினார். "பணத்தை வீட்டுக்கு ஏன் கொண்டுபோகணும்?" என்று இன்னொருவர். அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தது. "நான்தான் கொண்டுபோகச் சொன்னேன்." மூன்று சொல். அதை நான் மூன்று நாள் எழுதவில்லை. முதலில் விசாரிக்கலாம், தலைவர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பயந்துபோயிருந்தேன், அதுதான் உண்மை.

வியாழக்கிழமை முதலாண்டுப் பெண் ஒருத்தி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். 14ஆம் எண் உண்டியல் இரண்டிலும் இருந்தது. ஒரு மேசையில் எண்ணி முடித்துத் தொகையைச் சீட்டில் எழுதி ஒட்டிய உண்டியல் எப்படியோ மறு மேசைக்குப் போயிருக்கிறது. அங்கே இருந்தவர் அந்தச் சீட்டைப் பார்த்துத் தன் தாளிலும் எழுதிவிட்டார். பணத்தில் ஒரு காசு குறையவில்லை. மொத்தம்தான் தப்பாகக் கூடியிருந்தது. 22 உண்டியலுக்கு 23 வரி. அந்த வரிகளை எண்ணிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது. எண்ணிப் பார்க்க வேண்டியது யார் என்று நாங்கள் பேசி வைக்கவில்லை, அதனால் யாரும் எண்ணவில்லை.

அன்று இரவு எல்லாவற்றையும் குழுமத்தில் எழுதி மன்னிப்புக் கேட்டேன். அதற்கு முன்பே பொருளாளர் குழுமத்தை விட்டு வெளியேறியிருந்தாள்.

இனி உங்கள் கேள்வி. தலைவரின் முதல் பொறுப்பு, யாரும் தனியாகப் பணத்தோடு நிற்காமல் பார்த்துக்கொள்வது. நண்பர்களைச் சந்தேகப்படச் சொல்கிறாயா என்று கேட்பார்கள். சந்தேகப்படச் சொல்லவில்லை. கணக்கு இடிக்கும் நாள் எந்தக் குழுவுக்கும் வரும். அன்றைக்கு உங்கள் நண்பர் கையில் "நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து எண்ணினோம், இதோ இரண்டு கையெழுத்து" என்று காட்ட ஒரு தாள் இருக்க வேண்டும். அது இல்லாதவருக்கு வாய் வார்த்தை மட்டும்தான் மிஞ்சும்.

ஆகவே, உண்டியல் வெளியே போகும்போதே எண், வாங்கியவர் பெயர், நேரம் மூன்றையும் பதிவேட்டில் எழுதுங்கள். மூடியின் மேல் காகிதம் ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்துப் போடுங்கள். திரும்பி வரும்போது அது கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மேசைக்கு இரண்டு பேர் எண்ண வேண்டும், அந்த இருவரும் ஒரே அறைத் தோழர்களாகவோ உடன்பிறந்தவர்களாகவோ இருக்கக் கூடாது. காசைத் தொடாத மூன்றாவது ஆள் ஒருவர் பதிவேட்டைப் பார்த்து எண்களுக்கு டிக் போட வேண்டும். வசூலை வங்கி வேலை நாளில் முடியும்படி வைப்பது தலைவர் வேலை. சனிக்கிழமை முடித்தது என் தப்பு. தவிர்க்க முடியாமல் இரவு தங்கினால், பையை முத்திரையிட்டு, இருவர் கையெழுத்தோடு நிர்வாக அலுவலகப் பெட்டகத்தில் வைக்க முன்கூட்டியே அனுமதி வாங்கி வையுங்கள்.

பொருளாளர் பணத்துக்குக் காவல்காரர் என்று நினைக்கிறார்கள். கணக்கை எழுதி எல்லாருக்கும் காட்டுவதுதான் அவர் வேலை. வந்த பணம் அப்படியே முழுதாக வங்கிக்குப் போக வேண்டும். சுவரொட்டிச் செலவு, ஆட்டோச் செலவு என்று உண்டியலிலிருந்து நேரே எடுக்கவே கூடாது, ரசீதைக் கொடுத்துவிட்டுக் கணக்கிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். கணக்கிலிருந்து எடுக்க இருவர் கையெழுத்து வேண்டும். இப்போது உண்டியலே கிடையாது, எல்லாம் போனில்தான் என்றால், அந்தக் கியூஆர் குறியீடு யார் கணக்குக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள். ஒரு மாணவரின் சொந்தக் கணக்குக்குப் போனால் அதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

செயலாளர் பதவியை யாரும் விரும்பி எடுப்பதில்லை, கூட்டக் குறிப்பு எழுதுபவர் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் யாருக்காகத் திரட்டுகிறோம், எதற்காக என்ற வாசகத்தை எழுத்தில் கொண்டுவருவது அவர்தான். அந்த ஒரு வரி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். ஆஸ்திரேலியக் காட்டுத்தீயின்போது, 2020 ஜனவரியில், செலஸ்ட் பார்பர் என்ற நகைச்சுவைக் கலைஞர் பேஸ்புக்கில் நிதி திரட்டினார். நியூ சவுத் வேல்ஸ் மாநிலக் கிராமப்புறத் தீயணைப்புப் படையின் அறக்கட்டளைக்கு என்று குறிப்பிட்டிருந்தார். 5 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் குவிந்துவிட்டது. மற்ற தொண்டு அமைப்புகளுக்கும், காயம்பட்ட விலங்குகளுக்கும் இதில் பங்கு கொடுக்கலாம் என்று அவரும் நினைத்தார், கொடுத்தவர்களில் பலரும் நினைத்தார்கள். அந்த ஆண்டு மே மாதம் அந்த மாநில உச்ச நீதிமன்றம் முடியாது என்றது. அறக்கட்டளைப் பத்திரத்தில் என்ன நோக்கம் எழுதியிருக்கிறதோ அதற்குள்தான் செலவழிக்க வேண்டும். அங்கே யாரும் ஏமாற்றவில்லை, எல்லாருக்கும் நல்ல மனசுதான். இருந்தும் பணம் எழுத்தின் பக்கம்தான் போயிற்று. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே இருந்தாலும் இலக்கைவிடக் கூடுதலாக வந்தால் எங்கே போகும், குறைந்தால் என்ன செய்வோம் என்று சுவரொட்டியிலேயே ஒரு வரி போடுங்கள். யார் பெயரைச் சொல்லித் திரட்டுகிறீர்களோ அந்த அமைப்பிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

விளம்பரப் பொறுப்பாளருக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். உதவி பெறும் குழந்தைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். பெற்றோர் சம்மதித்தாலும் வேண்டாம். உதவி தேவைப்படும் நேரத்தில் கேட்டால் அவர்களால் எப்படி மறுக்க முடியும்?

சின்னக் குழுவுக்கு இவ்வளவு எதற்கு என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்காவில் பென் ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர்கள் 1973இல் ஒரு நடன மாரத்தான் தொடங்கினார்கள். முதல் ஆண்டு கிடைத்தது 2,000 டாலர் சொச்சம். இன்று 46 மணி நேரம் உட்காராமல் தூங்காமல் ஆடுகிறார்கள், குழந்தைப் புற்றுநோய்க்காக ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டுகிறார்கள், நடத்துவது மாணவர்களேதான். ஆடுபவர்களைக் கவனிக்க, சாப்பாட்டைப் பார்க்க, விதிகளைப் பார்க்க, கணக்கைப் பார்க்க என்று தனித்தனிக் குழுக்கள் வைத்திருக்கிறார்கள். அவர்களும் சின்னதாகத் தொடங்கியவர்கள்தான்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பல வருடமாக மனதில் கிடக்கிறது. சான்றிதழ். வசூல் முடிந்த பிறகு நிர்வாகத்திலிருந்து சான்றிதழ்ப் பட்டியல் கேட்டார்கள். ஒரு வாரம் வெயிலில் நின்றவர்களுக்கும், கடைசி நாள் படம் எடுக்கும்போது மட்டும் வந்து நின்றவர்களுக்கும் ஒரே வாசகம், ஒரே கையெழுத்து. 14ஆம் எண்ணைக் கண்டுபிடித்தாளே, அந்த முதலாண்டுப் பெண்ணின் பெயர் பட்டியலில் விடுபட்டுப்போனது. சேர்க்கச் சொல்லி மூன்று முறை போனேன். அச்சுக்குப் போய்விட்டது என்றார்கள். ஒரு தாளில் ஒரு பெயர் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? இதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. உங்கள் குழுவில் யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்று தன்னார்வலர் பொறுப்பாளரை வைத்து நீங்களே குறித்து வையுங்கள்.

நான் ஒரு வருடம்தான் தலைவராக இருந்தேன், இதில் நிபுணன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. பெரிய அமைப்புகளில் வேலை செய்தவர்களுக்கு இதைவிட நல்ல முறைகள் தெரிந்திருக்கும். ஆனால் "பணத்தை வீட்டுக்கு ஏன் கொண்டுபோகணும்" என்று கேட்டபோது வாயை மூடிக்கொண்டிருந்தவன் சொல்கிறேன்: உங்கள் ஆட்களிடம் நீங்கள் சொல்லிச் செய்த எதற்கும், கேள்வி வந்த அந்த நிமிடமே "நான்தான் சொன்னேன்" என்று எழுதுங்கள். விசாரணை எல்லாம் அதற்குப் பிறகு.

பதவி ஒப்படைப்பை விட்டுவிடாதீர்கள். மாணவர் குழுவில் எல்லாரும் இரண்டு மூன்று வருடத்தில் போய்விடுவார்கள். வங்கியில் கையெழுத்து மாற்றம், கடவுச்சொற்கள், பதிவேடு, ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகள் எல்லாம் பட்டியல் போட்டுக் கைமாற வேண்டும். பொருளாளருக்கு ஒரு துணைப் பொருளாளரை இளைய ஆண்டிலிருந்து இப்போதே போடுங்கள்.

எங்கள் பொருளாளர் குழுவுக்குத் திரும்பி வரவே இல்லை. அடுத்த வருடம் பொறுப்பேற்றவள் அந்த முதலாண்டுப் பெண்தான். அவளுக்குக் கணக்கு எழுதச் சொல்லிக்கொடுக்க இரண்டு மாலை மட்டும் பழைய பொருளாளர் வந்து போனாளாம். நான் இல்லாத நாளாகப் பார்த்து வந்திருக்கிறாள். புதுப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் அவள் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: "கூட்டுவதற்கு முன் வரிகளை எண்ணவும்."