தார் மணலில் வண்டி விடப் போறீங்களா? கேள்வி பதில்

தை மாதம் நம் கொங்குப் பக்கத்து ஆட்கள் சிலர் ஜீப்புகளோடு ராஜஸ்தானில் தார் பாலைவனத்து ஊரான ஜெய்சால்மர் போகிறார்கள். மணல்மேடு ஏறுவதுதான் திட்டம். அந்த மண்ணைப் பற்றி அவர்கள் கேட்டதும், மண்ணியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற காங்கேயத்துக்காரர் சொன்னதும் கீழே. கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

பல்லடம்: ஏனுங்கண்ணா, அத்தனை மணலும் கடல் வத்திப்போனதால வந்ததுங்களா?

கடல் இருந்தது உண்மைதாங்க. ஆனால் அதற்கும் இந்த மணலுக்கும் சம்பந்தமில்லை. கடல் ஜுராசிக் காலத்தது; பதினாறு, பதினேழு கோடி ஆண்டு ஆகிறது. அது விட்டுப்போனது மஞ்சள் சுண்ணாம்புக்கல். கோட்டையும் ஊரும் அந்தக் கல்லில்தான் நிற்கின்றன. கைடுகள் மணற்கல் என்பார்கள், தலையாட்டிவிட்டு வாருங்கள். 2023-இல் பெயரிடப்பட்ட தாரோசாரஸ் என்ற டைனோசரின் எலும்பு கிடைத்ததும் ஜெய்சால்மர் பக்கத்துப் பாறையில்தான்.

மணல் இதோடு ஒப்பிட்டால் நேற்று வந்தது. சிந்து ஆறும் அதன் துணை ஆறுகளும் இமயமலையிலிருந்து அடித்துவந்த வண்டல் ஒரு பங்கு, உள்ளூர் மணற்கல் உதிர்ந்தது ஒரு பங்கு. இதையெல்லாம் வாரிக் கொட்டியது தென்மேற்குக் காற்று. உங்கள் ஊர்க் காற்றாலையைச் சுழற்றுகிற அதே ஆடிக் காற்றுதான்! இங்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைகிறது. அங்கே தடுக்க மலை இல்லாததால் சிந்து, கட்ச் பக்கமிருந்து நேராக அடிக்கிறது. ஜெய்சால்மரிலும் வரிசையாகக் காற்றாலை நிற்பதைப் பார்ப்பீர்கள்.

பெருந்துறை: மேட்டுல எந்தப் பக்கம் ஏறணும்?

காற்று வந்த பக்கம். அந்தச் சரிவு சாய்வாக இருக்கும், மணலும் அழுந்திக் கெட்டியாகக் கிடக்கும். மறுபக்கம் காற்று தள்ளிவிட்ட மணல் தானாகச் சரிந்து நிற்கும் பக்கம். சுமார் 33, 34 டிகிரி. அதற்குமேல் செங்குத்தாக உலர்ந்த மணல் நிற்காது. அதில் குறுக்காகத் திரும்பினால் வண்டி உருளும். உச்சிக்கு வந்ததும் நிறுத்தி, இறங்கிப் பார்த்துவிட்டு, நேராக மட்டும் இறக்குங்கள். பெரும்பாலும் வடகிழக்குப் பக்கம்தான் செங்குத்து, ஆனால் மேட்டுக்கு மேடு மாறும். கண்ணால் பார்ப்பதே கணக்கு. டயர் காற்றை 15-லிருந்து 18 பிஎஸ்ஐ வரை இறக்கிவிடுங்கள். விடிகாலையில் பனி ஈரம் இருக்கும்போது மணல் தாங்கும், மதியம் விழுங்கும்.

கோபி: மரம் கல்லாப் போயிருக்குன்றாங்களே, பாக்கலாங்களா?

அக்கால். ஜெய்சால்மரிலிருந்து பார்மேர் சாலையில் 17 கிலோமீட்டர். சுமார் 18 கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள், வெயிலில் கம்பிக்கூண்டுக்குள் கிடக்கும். வரியும் கணுவும் அப்படியே தெரியும். அரை மணி நேரம் போதும், ஆனால் விட்டுவிடாதீர்கள்.

தாராபுரம்: ஆளில்லாத பொட்டல்தானுங்க, இஷ்டத்துக்கு ஓட்டலாமில்ல?

இதைத்தான் யாராவது கேட்பார்கள் என்று இருந்தேன். உலகப் பாலைவனங்களில் மக்கள் நெருக்கம் மிகுந்தவற்றில் தார் ஒன்று. உங்கள் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துக்குள் ஒருத்தன் கிளுவை வேலியைப் பிய்த்துக்கொண்டு ஜீப்பை விட்டால் சும்மா இருப்பீர்களா? அங்கேயும் அதே கதைதான், வேலி மட்டும் இல்லை. நம் கொழுக்கட்டைப் புல்லின் இனம் அங்கே தாமன் என்ற பெயரில் மேய்ச்சலுக்கு நிற்கிறது. நம் வன்னி மரம் அங்கே கேஜ்ரி. அதை வெட்டவிடாமல் தடுத்து 1730-இல் ஜோத்பூர் பக்கம் கேஜர்லியில் 363 பிஷ்னோய் மக்கள் உயிர்விட்டார்கள்.

ஓரன் என்று சாமி பேரில் விட்ட காடுகளும் உண்டு. அப்புறம் கதீன். பாறைச் சரிவில் ஓடிவரும் மழைநீரைத் தாழ்வில் நீளமான மண்கரை கட்டி நிறுத்துவார்கள். தண்ணீர் வற்றியபின் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விளையும். மழை அரிதான ஊரில் பாலிவால் பிராமணர்கள் பல நூறு ஆண்டுகளாகச் செய்த வேலை. அந்தக் கரை உங்கள் கண்ணுக்குச் சும்மா ஒரு மண்மேடாகத் தெரியும், ஏறிக் குதிக்கத் தோன்றும். ஏறாதீர்கள்.

தேசியப் பூங்கா எல்லைக்குள்ளும் அனுமதியில்லாமல் போகவேண்டாம். கானமயில் என்ற பெரிய பறவை முட்டை இடுவது வெறுந்தரையில், சக்கரம் ஏறிவிடும்.

உடுமலை: குல்தாராவுல பேய் இருக்குங்களா?

அது பாலிவால்கள் விட்டுப்போன ஊர். ஜெய்சால்மர் திவான் சாலிம் சிங்கின் கொடுமைக்குப் பயந்து ஒரே இரவில் கிளம்பினார்கள் என்பது கதை. 19-ஆம் நூற்றாண்டில் ஆள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது என்பதுதான் பதிவு. தண்ணீர் குறைந்தது, வரி ஏறியது. இந்த இரண்டும் போதும் ஊர் காலியாக.

பொள்ளாச்சி: லோங்கேவாலா போறோம் அண்ணா. அங்கே டாங்கியே சிக்கிச்சாமே?

ஆமாங்க. 1971 டிசம்பர் 4 இரவு, மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் கீழ் சுமார் 120 வீரர்கள் காவல்சாவடியில் நின்றார்கள். வந்த பாகிஸ்தான் டாங்கிகள் இளமணலில் புதைந்து தடுமாறின. இரவில் தாக்க வசதியில்லாத நம் ஹண்டர் விமானங்கள் விடிந்ததும் வந்து, திறந்த வெளியில் நின்றவற்றை அடித்தன. டாங்கிகளை இன்றும் அங்கே வைத்திருக்கிறார்கள். எல்லை பக்கம் என்பதால் அடையாள அட்டையை வண்டியிலேயே வையுங்கள். டயருக்குத் திரும்பக் காற்றடிக்க ஒரு கம்ப்ரஸரும் வேண்டும்.