ஒரு வரி பிரிஃபெட்ச்: சேர்க்கலாமா?

கேள்வி: லினக்ஸ் டிரைவர் ஒன்றில் லிங்க்டு லிஸ்டைச் (ஒவ்வொரு உறுப்பும் அடுத்ததன் முகவரியை வைத்திருக்கும் பட்டியல்) சுற்றிவரும் லூப்பில், அடுத்த உறுப்பை முன்கூட்டியே பிராசஸரின் வேகமான சிறு நினைவகமான கேஷுக்கு வரவழைக்க ஒரு வரி பிரிஃபெட்ச் சேர்த்தேன். "அளந்து பார்த்தாயா?" என்று கேட்டு, மூத்த பொறியாளர் பேட்சைத் திருப்பிவிட்டார். வேகம் கூடத்தானே செய்யும்?

பதில்: நான் உங்கள் மூத்தவர் பக்கம். நீங்கள் சேர்த்த அதே வரி ஒரு காலத்தில் லினக்ஸின் மையமான கர்னலில், லிஸ்டைச் சுற்றிவர எல்லோரும் பயன்படுத்தும் பொதுவான மேக்ரோக்களுக்குள்ளேயே இருந்தது. 2011 மே மாதம் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதைப் பிடுங்கி எறிந்தார், 3.0 பதிப்பு அது இல்லாமலே வெளிவந்தது. (எடுத்ததும் பல டிரைவர்கள் கம்பைல் ஆகவில்லை. பிரிஃபெட்ச் ஹெடர் கோப்பு லிஸ்ட் ஹெடர் வழியாக ஓசியில் வந்துகொண்டிருந்தது யாருக்கும் நினைவில்லை.)

ஆசை நியாயமானதுதான். முதல் நிலை கேஷில் இருப்பதை எடுக்க நாலைந்து பிராசஸர் சுழற்சிகள் போதும். ரேமுக்குப் போனால் நூறு நானோவினாடி வரை காத்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த உறுப்பின் முகவரி தற்போதைய உறுப்புக்குள் இருக்கிறது. அதைப் படித்த பிறகுதான் பிரிஃபெட்சே கொடுக்க முடியும். லூப்பின் உடல் சிறியதாக இருந்தால், கட்டளைகளை வரிசை மாற்றி இயக்கும் இன்றைய பிராசஸர் அதற்குள் அந்த வேலையைத் தானே தொடங்கியிருக்கும். நீங்கள் மிச்சப்படுத்த அங்கே நேரம் இல்லை.

இதைவிட மோசமானது, தரவைப் பல குட்டிச் சங்கிலிகளாகப் பிரித்து வைக்கும் ஹாஷ் அட்டவணைகளில் நடந்தது. அங்கே ஒவ்வொரு சங்கிலியும் ஒன்றிரண்டு உறுப்புகளோடு முடிந்துவிடும். அடுத்தது நல் பாயிண்டர், அதாவது எதையும் சுட்டாத முகவரி. எக்ஸ்86 பிராசஸரில் நல் முகவரிக்குப் பிரிஃபெட்ச் கொடுத்தால் பிழை எழாது, அதனால் யாரும் கவனிக்கவில்லை. ஆனால் முகவரியை மொழிபெயர்க்கப் பக்க அட்டவணையைத் தேடும் வேலை நடக்கும். இல்லாத பக்கத்தை, மொழிபெயர்த்த முகவரிகளைச் சேமித்துவைக்கும் டி.எல்.பி. நினைவில் வைத்துக்கொள்ளாது என்பதால் ஒவ்வொரு முறையும் அதே வீண் தேடல்.

பிரிஃபெட்சே வீண் என்று சொல்லவில்லை. நெட்வொர்க் டிரைவர்கள் பலவற்றில் அது இன்றும் இருக்கிறது. அங்கே பாக்கெட்டின் முகவரி, அது எங்கே இருக்கிறது என்று சொல்லும் குறிப்பான டிஸ்கிரிப்டரிலிருந்து முன்பே தெரியும்; தரவு கேஷில் இல்லாதிருக்க வாய்ப்பு அதிகம்; பாக்கெட்டின் தலைப்பகுதியைத் தொடுவதற்கு முன் செய்ய வேறு வேலையும் உண்டு. உங்கள் லூப்பில் இந்த மூன்றும் உண்டா?

அளக்கும்போது பிராசஸர் வேகத்தை 'பெர்ஃபாமன்ஸ்' முறையில் வையுங்கள். பேட்ச் உள்ள கர்னலையும் இல்லாததையும் 'பெர்ஃப் ஸ்டாட்' என்ற அளவீட்டுக் கருவி கொண்டு பலமுறை ஓட்டி, வித்தியாசம் ஓட்டத்துக்கு ஓட்டம் வரும் ஏற்ற இறக்கத்தைவிடப் பெரியதா என்று பாருங்கள். லிஸ்ட் வழக்கமாக எவ்வளவு நீளம் இருக்குமோ அவ்வளவு நீளத்தில் ஓட்டுங்கள். பத்தாயிரம் உறுப்புகளைத் திணித்துக் காட்டும் வெற்றியை யாரும் நம்ப மாட்டார்கள்.

எனக்கென்னவோ வேறு இடத்தில் பலன் கிடைக்கும் என்று படுகிறது. லூப் தொடும் புலங்கள் ஒரே 64 பைட் கேஷ் வரிக்குள் (கேஷ் ஒரே முறையில் எடுக்கும் துண்டு) அமைந்திருக்கின்றனவா என்று, ஸ்ட்ரக்டின் அமைப்பைக் காட்டும் 'பாஹோல்' கருவியில் முதலில் பாருங்கள். சிதறிக் கிடந்தால் ஸ்ட்ரக்டின் நிரலில் இரண்டு வரிகளை இடம் மாற்றினாலே போதும். அதற்குப் பிறகும் பிரிஃபெட்ச் உதவினால், எந்த சிப், எத்தனை உறுப்புகள், எவ்வளவு மிச்சம் என்பதைப் பேட்ச் விளக்கத்திலேயே எழுதி அனுப்புங்கள்.