அண்ணே ஒரு டவுட்டு: பழசை ஏன் தோண்டுறாய்ங்க?

கேள்வி (மேலூர் வாசகர்): வெளிநாட்டுல ஒருத்தர் பெரிய பதவிக்கு வந்துட்டா போதும், எப்பவோ அவர் இனவெறிக் கூட்டத்துல இருந்தாருன்னு பேப்பர்ல போட்டு நாறடிக்கிறாய்ங்க. இத்தனை வருசம் எங்கண்ணே போயிருந்தாய்ங்க?

பதில்: தம்பி, 1937ல அமெரிக்காவுல நடந்ததைக் கேளுங்க. ஹியூகோ பிளாக்னு ஒரு அலபாமா செனட்டர், பிரசிடெண்ட் ரூஸ்வெல்ட் அவரை சுப்ரீம் கோர்ட் ஜட்ஜா போட்டாரு, ஆகஸ்ட்ல செனட்டும் 63க்கு 16னு ஓட்டுப் போட்டு ஓகே பண்ணிருச்சு. அவரு கு க்ளக்ஸ் கிளான் ஆளுன்னு அப்பவே முணுமுணுப்பு இருந்துச்சு, ஆனா கையில ஆதாரம் இல்ல. அடுத்த மாசமே பிட்ஸ்பர்க் போஸ்ட் கெஜட் ரிப்போர்ட்டர் ரே ஸ்ப்ரிகிள், 1923ல சேந்தது, 1925ல எழுதிக் குடுத்த ராஜினாமா லெட்டர் எல்லாத்தையும் எடுத்துட்டு வந்து வரிசையா எழுதித் தள்ளிட்டாரு. முகத்தை மூடிக்கிட்டு கறுப்பின மக்களை அடிச்ச, கொன்ன கூட்டம் அது, யூதரையும் கத்தோலிக்கரையும் கூட ஆகாது அவிங்களுக்கு. அதுல கிடந்தவரு நாளைக்கு ஒரு கறுப்பினத்தவரோட கேஸுக்குத் தீர்ப்பு எழுதப் போறாருன்னா ஜனங்களுக்குத் தெரிய வேணாமா?

பேப்பர் ஓனருக்கு ரூஸ்வெல்ட்டைப் பிடிக்காதுங்கிறதும் உண்மைதான். ஆகாதவன் தோண்டுனதாலயே லெட்டர் பொய்யாயிருமா? மறுவருசம் ஸ்ப்ரிகிளுக்கு, அங்க பத்திரிகைக்காரங்களுக்குக் குடுக்குற பெரிய பரிசான புலிட்சர் பரிசு குடுத்தாங்க.

கேள்வி (செல்லூர் காலேஜ் தம்பி): அப்ப ஜட்ஜ் வேலை போயிருச்சா?

பதில்: எங்க போச்சு, 1971 வரைக்கும் உக்காந்திருந்தாரு. அந்த 1937லயே அக்டோபர் 1ந் தேதி ரேடியோவுல வந்து ஆமா சேந்தேன், அப்புறம் விலகிட்டேன், திரும்பச் சேரலன்னு சொல்லிட்டு எந்திரிச்சுட்டாரு, மன்னிப்பெல்லாம் கேக்கல. ஆனா 1940ல, போலீஸ் நாள்கணக்கா மிரட்டி வாங்குன வாக்குமூலத்தை வச்சு மரண தண்டனை வாங்குன நாலு கறுப்பின ஆளுங்க கேஸ்ல, அது செல்லாதுன்னு தீர்ப்பு எழுதுனதும் அவருதான். 1954ல வெள்ளைக்காரப் பிள்ளைக்கும் கறுப்பினப் பிள்ளைக்கும் தனித்தனி ஸ்கூல் கூடாதுன்னு ஒன்பது ஜட்ஜும் சொன்னாங்கல்ல, அதுலயும் இருக்காரு. மனுசன் திருந்திட்டாருன்னு முடிச்சுறலாம்னு பாத்தா, நடுவுல 1944 கிடக்கு! ஜப்பான் வம்சாவளி ஆளுங்களை அமெரிக்கப் பிரஜைகள்னு கூடப் பாக்காம மேற்குக் கரையை விட்டே வெளியேத்துனதை சரின்னு எழுதுனதும் இதே பிளாக்தான். அதனால பழைய நியூஸை மட்டும் வச்சு ஆளை எடை போடவும் முடியாது, திருந்திட்டாருன்னு சர்டிபிகேட் குடுத்து ஃபைலை மூடவும் முடியாது, எனக்கு அவரு மேல இன்னும் சந்தேகம்தான்.

கேள்வி (திருமங்கலம் வாசகர்): பேப்பர்ல வந்தா ஓட்டு குறையுமா?

பதில்: கூடவும் செய்யும். 2023ல ஜெர்மனியில பவேரியா துணை முதல்வர் ஐவாங்கர் படிக்கிற காலத்துல அவரு ஸ்கூல் பையில யூத வெறுப்பு நோட்டீஸ் இருந்த கதை ஸ்யூட்டாய்ச்ச சைட்டுங் பேப்பர்ல வந்துச்சு. எழுதுனது நான்தான்னு அண்ணன்காரரு முன்னால வந்தாரு. சில வாரத்துலயே எலெக்சன், அவரு கட்சி போன தடவை வாங்குன 11.6 சதவீதம் 15.8 ஆயிருச்சு.

கேள்வி (உசிலம்பட்டி வாசகி): நம்ம பக்கம் ஏண்ணே இப்படி எதுவும் வெளிய வர மாட்டேங்குது?

பதில்: ஒளிஞ்சு கிடந்தாத்தானம்மா வெளிய வரணும்? அங்க ஒரு லெட்டருக்காக மாநிலம் விட்டு மாநிலம் போகணும், இங்க சாதிச் சங்க மாநாட்டு பிளெக்ஸ்ல தலைவரே கும்பிட்ட கையோட ஆளுயரத்துக்கு நிக்கிறாரு, அடியில செல் நம்பரும் இருக்கும். அதை விளம்பரமா வாங்கிப் போட்ட பேப்பரே எப்படிம்மா எக்ஸ்போஸ் பண்ணும்?

1939 ஜூலை 8ல வைத்தியநாத ஐயர், சாதியைச் சொல்லி உள்ள விடாம வச்சிருந்த கக்கன் உள்ளிட்டவங்களை மீனாட்சி கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போனதை வருசா வருசம் எழுதுறோம். அன்னிக்கு எதிர்த்து நின்னது யாரு யாருன்னு எத்தனை பேரு எழுதுறோம்? எழுதணும்.

அதுவரைக்கும் ஒண்ணு செய்ங்க. ஓட்டுக் கேட்டு உங்க தெருவுக்கு வர்றவர்கிட்ட, அந்த மாநாட்டுல பேசுனீங்களே, இன்னிக்கும் அதே கருத்துதானான்னு நாலு பேரு முன்னால கேளுங்க, செல்லுல ரெக்கார்டு பண்ணி வைங்க. அவரு என்ன சொன்னாலும் எழுதி அனுப்புங்க, இதே பக்கத்துல போடுறோம்.